தராசு வராத கோயில்

டிக்கோயாவில் காசல்ரீ நீர்த்தேக்கத்தைப் பார்த்தபடி நிற்கும் வார்லி ஆலயத்தை அநேகர் படத்திலாவது பார்த்திருப்பார்கள். 1878இல் தோட்டத்துரைமார் தங்களுக்கெனக் கட்டியது. முற்றத்துக் கல்லறைகளைச் சுற்றி வந்தேன். நான் வாசித்ததெல்லாம் வெள்ளைக்காரப் பெயர்கள். காட்டை வெட்டி, முதலில் கோப்பியும் பிறகு தேயிலையும் நட்டவர்கள் தேயிலைக்கு அடியிலேயே கிடக்கிறார்கள். அவர்களுக்குக் கல் கிடையாது.

நான் போக வேண்டிய கோயில் வேறு. கொஞ்சம் தள்ளி, தொழிலாளர் லயத்துக்குப் பக்கத்தில், தகரக்கூரை போட்ட சின்னத் தோட்டத்துக் கோயில். இப்படிப்பட்ட சபைகளின் வேர் 1854இல் இருக்கிறது. கோப்பித் துரைமார் பணம் போட, சி.எம்.எஸ். (சர்ச் மிஷனரி சொசைட்டி) மிஷனரிமார் நடத்த, திருநெல்வேலியிலிருந்து வந்த உபதேசியார்கள் தோட்டம் தோட்டமாக நடந்தார்கள். அந்தப் பணிக்கு வைத்த பெயர் ‘தமிழ்க் கூலி மிஷன்’. ஆண்டவருடைய அன்பைச் சொல்ல வந்த இடத்திலும் ‘கூலி’ என்ற பட்டம் விடவில்லை.

நான் நுழையும்போது பிரசங்கம் தொடங்கிவிட்டது. கெட்ட குமாரன் கதை. சிறு வயதிலிருந்து கேட்டதுதான், ஆனால் போதகர் பிடித்த இடம் எனக்குப் புதிது. சொத்தை அழித்துவிட்டுத் திரும்பும் மகன், அப்பாவிடம் சொல்ல ஒரு பேச்சைத் தயார் பண்ணிக்கொண்டு வருகிறான்: மகனாக வேண்டாம், கூலியாட்களில் ஒருவனாக வைத்துக்கொள்ளுங்கள் என்று. ஓடிவந்து கட்டிக்கொண்ட அப்பா அந்தக் கடைசி வரிக்கு இடமே கொடுக்கவில்லை. அதற்குள் உடுப்பும் மோதிரமும் கொண்டுவரச் சொல்லிவிட்டார். “கூலியாளா சேர்த்துக்க அப்பாவுக்கு மனசு வரல்ல” என்று சொல்லிப் போதகர் நிறுத்தினார். முன்வரிசைப் பாட்டி ஒருவர் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

என் பக்கத்தில் இருந்த அக்காவின் விரல்நுனிகளில் கொழுந்துக் கறை. சவர்க்காரத்துக்கும் போகாத கறுப்பு, வெடிப்புகளுக்குள் ஓடியிருந்தது. மலையில் அவருடைய நாள் தராசில் முடிகிறது. பல தோட்டங்களில் 18 கிலோ பறிக்க வேண்டும், குறைந்தால் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம். மழையா, காய்ச்சலா, கொழுந்தே இல்லாத வறட்சிக் காலமா என்று தராசு கேட்பதில்லை. ஆராதனை முடிந்து பிளேன்டீ கொடுத்தபோது, இங்கே வருவதில் என்ன கிடைக்கிறது என்று கேட்டேன். “இங்க யாரும் நிறுக்கிறது இல்லையே தம்பி” என்றார்.

பேச்சு அதோடு நிற்கவில்லை. குளவி கொட்டி டிக்கோயா ஆஸ்பத்திரியில் கிடக்கும் ஒரு பெண்ணுக்கு இரவில் துணைக்கு யார் போவது, பிள்ளைகளுக்கு யார் சோறு போடுவது என்று கோயில் வாசலிலேயே முடிவானது. அந்தப் பெண் இந்தச் சபையைச் சேர்ந்தவரே அல்ல. மாரியம்மன் திருவிழாவில் கரகம் எடுப்பவராம். அதை எனக்குச் சொன்னார்களே தவிர, அங்கே யாரும் அதைப் பொருட்படுத்தியதாகத் தெரியவில்லை. நிபந்தனை இல்லாத அன்பு என்று எத்தனையோ மேடைகளில் கேட்டிருக்கிறேன். அதை நம்பும்படி இருந்தது இந்த வாசலில்தான்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மகள் என்று அணைத்துவிட்டு, திங்கட்கிழமை தராசைப் பற்றி வாய் திறக்காத சபை பாதிவேலைதான் செய்கிறது. போல் காஸ்பர்ஸ் என்ற இயேசுசபைக் குரு 1972இல் கண்டியில் சத்தியோதயம் என்ற அமைப்பைத் தொடங்கி, தோட்டத் தொழிலாளரின் உரிமைகளுக்காகக் கடைசிவரை பேசினார். அந்தக் குரல் இன்று போதகர்மாரிடம் குறைவு.

வார்லிக்குப் படம் எடுக்கப் போகிறவர்கள் ஒரு ஞாயிறு காலை பக்கத்துத் தோட்டத்துக் கோயில் ஒன்றிலும் போய் உட்காருங்கள். நீங்கள் யார், எந்தச் சபை என்று விசாரிப்பதற்கு முன்பே பிளேன்டீ வந்துவிடும்.