முகம் காட்டும் வயது



"உங்களைப் பார்த்தால் வயதே தெரியவில்லையே!" என்று எவரேனும் சொன்னால் நாம் மகிழ்ந்து போகிறோம். அதனைப் பாராட்டாகவே எடுத்துக்கொள்கிறோம். ஆனால், நாள்தோறும் அந்தச் சொல்லைக் கேட்டு வாழ்பவர்களுக்கு அதற்குக் கொடுக்க வேண்டிய விலையும் தெரியும். அதைப் பற்றித்தான் உங்களோடு சற்றுப் பேச விரும்புகிறேன்.

எனக்கு வயது 37. உயரம் நான்கடி எட்டங்குலம், வட்ட முகம், மெல்லிய குரல். குன்றத்தூரில் குடியிருக்கிறோம். பிள்ளைகள் இருவர், மூத்தவள் எட்டாம் வகுப்பில் படிக்கிறாள். ஒரகடம் பக்கத்தில் வாகன உதிரிப்பாகத் தொழிற்சாலை ஒன்றில் பன்னிரண்டு ஆண்டுகளாகப் பணியாற்றி, இப்போது ஒரு பிரிவின் மேற்பார்வையாளராக இருக்கிறேன்.

நிக்காஹ் வீடுகளில், "எந்தக் கல்லூரியில் படிக்கிறாய், கண்ணு?" என்று மாமிமார்கள் கேட்கும்போது நானும் சேர்ந்து சிரித்துவிடுவேன். ஆனால், எல்லா இடமும் சிரிக்கும் இடமன்று. மகளுக்குக் கடுங்காய்ச்சல் கண்டு மருத்துவமனையில் சேர்த்த இரவில், "பெரியவர்கள் யாரும் வரவில்லையா, பாப்பா?" என்று கேட்டார்கள். நான்தான் தாய் என்று சொல்லியும், என் கணவர் வந்து சேரும்வரை இரத்தப் பரிசோதனையின் முடிவை எனக்கு விளக்கவில்லை. அந்த ஒரு மணி நேரம் ஒரு தாயின் உள்ளம் பட்ட பாட்டைத் தாய்மார்களாகிய உங்களுக்கு நான் விவரிக்க வேண்டியதில்லை.

இங்கே ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். வயதைக் கேட்பது வேறு. முகத்தைக் கண்டு வயதை முடிவு செய்வது வேறு.

வயதைக் கேட்பதில் தவறில்லை. 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் உற்பத்தி தொடங்கிய பின், திருப்பெரும்புதூர், ஒரகடம் பகுதிகளில் ஆலைகள் பெருகின. தொலைவான ஊர்களிலிருந்து இளம்பெண்கள் பலர் வேலைக்கு வருகின்றனர். 2016ஆம் ஆண்டின் சட்டத் திருத்தம், 18 வயது நிறையாதோரை அபாயகரமான தொழில்களில் அமர்த்துவதைத் தடை செய்தது. ஆதலால், ஆலை வாயிலில் என்னை நிறுத்திச் சான்றிதழைக் கேட்டால் நான் மனம் கோணுவதில்லை. என்னைக் கேட்கும் அதே கேள்விதான், உண்மையிலேயே பதினாறு வயதான ஒரு பெண்ணை இயந்திரத்தின் முன் நிற்காமல் காக்கிறது. நம் மரபிலும் இது உண்டு. உஹதுப் போருக்குப் புறப்பட்டபோது 14 வயதினராக இருந்த அப்துல்லாஹ் இப்னு உமர் (ரலி) அவர்களை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அனுமதிக்கவில்லை. 15 வயதானபின் அகழ்ப் போரில்தான் ஏற்றுக்கொண்டார்கள்.

முகத்தைக் கண்டு முடிவு செய்வது அத்தகையதன்று. எலும்பை எக்ஸ்ரே எடுத்து வயதைக் கணிக்கும் சோதனையிலேயே இரண்டு ஆண்டுகள் முன்பின் ஆகலாம் என்று 1982ஆம் ஆண்டிலேயே உச்ச நீதிமன்றம் குறிப்பிட்டது. எலும்பே சரியாகச் சொல்லாத வயதை ஒரு நொடிப் பார்வை எப்படிச் சொல்லும்? 2024 அக்டோபரில், விபத்து இழப்பீட்டு வழக்கு ஒன்றில், ஆதார் அட்டையில் உள்ள தேதியைவிடப் பள்ளிச் சான்றிதழில் உள்ள பிறந்த தேதியே ஏற்கத்தக்கது என்று அந்த நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழையும் பள்ளிச் சான்றிதழையும் பத்திரமாக வையுங்கள்.

ஆனால், "நான் சிறியவள் அல்லள், ஆகவே என்னை மதியுங்கள்" என்று சொல்வதோடு என் வழக்கு முடிந்துவிடவில்லை. உண்மையிலேயே சிறியவர்களின் கதி என்ன?

எங்கள் பிரிவில் பவர் பிரஸ் எனும் அழுத்த இயந்திரம் உண்டு. தகட்டை வைத்தபின் இரண்டு கைகளாலும் இரண்டு பொத்தான்களை ஒருசேர அழுத்தினால்தான் அதன் மேற்பகுதி கீழே இறங்க வேண்டும். கைகள் இரண்டும் பொத்தான்களில் இருப்பதால் விரல்கள் அச்சுக்குள் அகப்படா. ஒருநாள், 19 வயதுப் பெண் ஒருத்தி, "ஒரு பொத்தானிலேயே இறங்குது" என்று பழுது பார்ப்பவரிடம் சொல்லியிருக்கிறாள். "நேற்று வந்த சின்னப் பெண்ணுக்கு என்ன தெரியும்?" என்று அவர் போய்விட்டார். அவள் என்னிடம் வந்தாள். இயந்திரத்தை நிறுத்தித் திறந்து பார்த்தோம். ஒரு பொத்தான் அழுத்திய நிலையிலேயே சிக்கிக் கிடந்தது. அல்ஹம்துலில்லாஹ், எவருடைய விரலும் போகவில்லை. அவள் சொன்னது உண்மையா என்று பார்க்க அவளுடைய வயது எதற்கு? இயந்திரத்தை அல்லவா பார்த்திருக்க வேண்டும்!

ஹிஜ்ரி 11ஆம் ஆண்டில் (கி.பி. 632) நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், இருபது வயதை எட்டியும் எட்டாத உஸாமா பின் ஸைத் (ரலி) அவர்களைப் படைத்தலைவராக நியமித்தார்கள். வயதைக் காட்டிச் சிலர் குறை கூறினர். உஸாமா அதற்குத் தகுதியானவரே என்று பெருமானார் தெளிவுபடுத்தினார்கள். பின்னர் அப்படையை வழியனுப்பிய கலீஃபா அபூபக்கர் (ரலி) அவர்கள், உஸாமா வாகனத்தில் அமர்ந்திருக்கத் தாம் அருகே நடந்து சென்றார்கள். உமர் (ரலி) அவர்களை மதீனாவில் நிறுத்திக்கொள்வதற்குக்கூட அந்த இளைஞரிடமே அனுமதி கேட்டார்கள். எங்கள் குன்றத்தூரில் பிறந்த சேக்கிழாரும், முதியவரான திருநாவுக்கரசர் சிறுவரான திருஞானசம்பந்தரின் பல்லக்கைச் சுமந்ததைத் தம் நூலில் பாடியிருக்கிறார். தகுதியைக் கண்ட பெரியவர்கள் வயதைப் பொருட்படுத்தவில்லை.

எனவே சகோதர, சகோதரிகளே! காப்பதற்காக வயதைக் கேளுங்கள், சான்றிதழையும் பாருங்கள். ஆனால், ஒருவர் வாய் திறந்து பேசும்போது அவர் முகத்தில் வயதைத் தேடாதீர்கள். சொல்லில் உள்ள உண்மையைத் தேடுங்கள். உங்கள் வீட்டிலும் பேச்சை எவரும் காதில் வாங்காத கடைக்குட்டி ஒருவர் இருக்கக்கூடும். இன்றிரவு உணவின்போது அவரைப் பேசவிட்டுக் கேட்டுப் பாருங்கள்.