வலித்தால் சொல்லுங்கள்

இரண்டு வாரமாக ஆளைக் காணோமே என்று பலர் கேட்டிருந்தீர்கள். ஆஞ்சியோகிராம் எடுத்தார்கள். மாத்திரை போதும் என்று சொல்லிவிட்டார்கள். நலமாக இருக்கிறேன்.

இப்போது பலருக்கும் மணிக்கட்டு வழியாகவே எடுக்கிறார்கள்; கொஞ்ச நேரத்தில் எழுந்து உட்கார்ந்துவிடலாம். என் கை ரத்தக்குழாய் மெல்லியதாக இருந்ததால் வலது தொடை இடுக்கு வழியாக எடுத்தார்கள். குழாயை உருவிய பிறகு ஒருவர் அந்த இடத்தைக் கால்மணி நேரத்துக்கும் மேல் அழுத்திப் பிடித்திருந்தார். "ஆறு மணி நேரம் காலை மடக்கக்கூடாதும்மா" என்று சொல்லிப் போனார்.

பரிசோதனையில் வலியே இல்லை. மல்லாந்து படுத்த மூன்றாவது மணியில்தான் முதுகு பிளக்க ஆரம்பித்தது. கூப்பிடு மணி கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. ஆனாலும் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தேன். இதற்குப் போய் அவர்களைத் தொந்தரவு செய்வதா என்ற எண்ணம். நம் வீட்டுப் பெண்களுக்கே உரிய நோய் இது!

தாங்க முடியாமல் முழங்காலை மடக்கி எழப் பார்த்தேன். செவிலியர் ஓடி வந்து தொடையை அழுத்திப் பிடித்தார். நல்லவேளை, ரத்தம் கசியவில்லை. "வலிக்குதுன்னு ஒரு வார்த்தை சொல்லக்கூடாதாம்மா?" என்று கோபித்துக்கொண்டார். முதலில் கட்டையும் பாதத்தில் நாடித் துடிப்பையும் பார்த்தார். டாக்டரைக் கேட்டுவிட்டு, கட்டிலின் தலைப்பக்கத்தைச் சற்று உயர்த்தினார். காலை நேராக வைத்தபடியே ஒருக்களிக்க வைத்து, இடுப்புக்கு ஒரு தலையணை கொடுத்தார். கால்மணி நேரத்தில் பாதி வலி போய்விட்டது!

மறுநாள் டாக்டர் விளக்கினார். அசையக்கூடாதது கால்தான், காலை மடக்கினால் ரத்தக்குழாயில் போட்ட துளை திறந்துகொள்ளலாம். முதுகும் அசையாமல் கிடக்க வேண்டும் என்பதில்லை. இப்படி நிலை மாற்றிப் படுக்க வைப்பதும், ஏற்றவர்களைச் சீக்கிரமே நடக்க விடுவதும் முதுகுவலியைக் குறைக்கின்றன, அதனால் ரத்தக்கசிவு கூடுவதில்லை என்று பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றனவாம். ஆனால் யார், எப்போது எழலாம் என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். நாமாக எழக்கூடாது.

அடுத்து அவர் சொன்னதுதான் என்னை உலுக்கியது. எல்லா முதுகுவலியும் படுக்கையால் வருவதல்ல. அரிதாக, ரத்தம் வெளியே தெரியாமல் வயிற்றின் பின்பக்கம் கசிவதாலும் முதுகோ விலாவோ வலிக்கும். அப்போது வாய் திறக்காமல் கிடந்தால் உயிருக்கே ஆபத்து.

எனக்கு வந்தது வெறும் படுக்கை வலி. அது எனக்கு எப்படித் தெரியும்? தெரியாமலேதான் ஒரு மணி நேரம் பொறுமை காத்திருக்கிறேன்.

வகுப்பில் "அசையாதே, பேசாதே" என்று உங்களை எத்தனை முறை அதட்டியிருப்பேன்! அதே டீச்சர் இன்று சொல்கிறேன். உங்கள் அம்மா அப்பாவுக்கு இந்தப் பரிசோதனை நடந்தால் பக்கத்தில் இருங்கள். "முதுகு வலிக்குதா?" என்று நீங்களே கேளுங்கள். அவர்களாகச் சொல்ல மாட்டார்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்