பங்கில் சேராத பொருள்

உம்மா மௌத்தாகி ஓராண்டு நிறைந்த பின்னர், பூந்தமல்லி வீட்டை விற்றுப் பங்கு பிரித்துக்கொள்வதென்று உடன்பிறந்தோர் மூவரும் முடிவு செய்தோம். மெட்ரோ ரயில் வருகிறதென்ற பேச்சினால் நிலத்தின் விலை ஏறியிருந்த நேரம். ராத்தா மூத்தவர், அடுத்து நான், கடைசியாகத் தம்பி. பராயில் முறைப்படி ஆண்மக்கள் இருவருக்கும் இவ்விரண்டு, பெண்மகளுக்கு ஒன்று என ஐந்து பங்குகள். கணக்கு எளிதுதான். உம்மாவைக் கடைசிப் பத்தாண்டுகள் தூக்கி நிறுத்திப் பணிவிடை செய்த ராத்தாவுக்கு ஐந்தில் ஒன்று என்று எழுதும்போது என் பேனா சற்றே தயங்கியது. தம்பியின் பேனா தயங்கவில்லை.

வீட்டிலிருந்த பொருள்களைப் பட்டியலிட்டு முடித்துப் பரணுக்கு ஏறினோம். பழைய தேக்குப் பெட்டிகளுக்குப் பின்னால், ராணுவத் தார்ப்பாய்த் துண்டில் சுற்றிச் சணல் கயிற்றால் கட்டிய நீண்ட பொதி ஒன்று கிடந்தது. இறக்கி அவிழ்த்தால், உள்ளே துப்பாக்கி.

எங்கள் மூலம் கீழக்கரைப் பக்கம். வாப்பா இளவயதில் பட்டாளத்தில் லாரி ஓட்டுநராகச் சேர்ந்து, இரண்டாம் உலகப் போரில் பர்மாப் போர்முனைக்குச் சென்று வந்தவர். போருக்குப் பின் ஆவடியில் வேலை கிடைத்ததால் பூந்தமல்லியில் வீடு கட்டிக் குடியேறினார். போரைப் பற்றிக் கேட்டால், "நான் வண்டி ஓட்டினவன். அரிசியும் பெட்ரோலும் ஏற்றினேன். அவ்வளவுதான்" என்பார். அதற்குமேல் ஒரு சொல் வராது. துப்பாக்கி ஒன்று வீட்டில் உண்டு என்பது உம்மாவுக்காவது தெரியுமா என்பதை இனி யாரிடம் கேட்பது?

ஆவடிக் கனரக ஊர்தித் தொழிற்சாலையில் ஃபிட்டராக உழைத்து ஓய்வு பெற்றவன் நான். இரும்பில் பொறித்த எழுத்தைப் படிப்பது என் பழைய தொழில். அன்றிரவு விளக்கின் கீழ் வைத்துப் பார்த்தேன். கட்டை வந்து சேரும் கழுத்துப் பகுதியின் வலப்பக்கத்தில் ஒரு கிரீடம்; அதன் கீழ் ஜி.ஆர்.ஐ. என்ற மூன்றெழுத்து. மன்னரும் பேரரசருமான ஜார்ஜ் என்பது அதன் பொருள். அடுத்து இஷாப்பூர், 1942. வங்காளத்தில் ஹூக்ளி ஆற்றங்கரைத் தொழிற்சாலையில் செய்த லீ என்ஃபீல்டு, மூன்றாம் மாதிரி. மாதிரி எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு விண்மீன். முதல் உலகப் போரின் அவசரத்தில், இல்லாமலும் தீரும் சில உறுப்புகளை விட்டுவிட்டுச் செய்யத் தொடங்கிய வகைக்கு அதுவே அடையாளம். நாம் 'த்ரீ நாட் த்ரீ' என்று சொல்லிப் பழகியது இதைத்தான். ஏறக்குறைய நான்கு கிலோ எடை. பத்துத் தோட்டா கொள்ளும் பெட்டி. வங்கி வாசலிலும் கருவூல வாசலிலும் காவலர் தோளில் இதைப் பார்த்தே என் தலைமுறை வளர்ந்தது. உத்தரப் பிரதேசக் காவல்துறை இதற்கு விடைகொடுத்தது 2020-ஆம் ஆண்டுக் குடியரசு நாளன்றுதான்.

தம்பியின் மகன் கனடாவில் இருக்கிறான். படம் அனுப்பியதும் அவனிடமிருந்து கேள்விகள் வந்தன. உடலில் உள்ள எண்ணும் போல்ட்டில் உள்ள எண்ணும் ஒன்றா? மரம் பழையதா, மாற்றியதா? குழலின் உட்புறம் எப்படி? அந்நாடுகளில் உரிமம் பெற்றுச் சேகரிப்போர் இவற்றை வைத்தே விலை மதிப்பார்களாம். எண்கள் ஒத்திருந்தால் மதிப்பு ஏறும், மாறியிருந்தால் இறங்கும். கோடிக்கு மேல் செய்யப்பட்ட இனமாதலால், அரிய குறி ஏதேனும் இருந்தாலன்றிப் பெரும் விலை போகாது என்றும் எழுதினான்.

எண்கள் ஒத்திருக்கவில்லை. எங்கோ, எவரோ, இரண்டு துப்பாக்கிகளின் உறுப்புகளைச் சேர்த்து ஒன்றாக்கியிருந்தனர். கட்டை மட்டும் ஆளிவிதை எண்ணெய் குடித்துப் பளபளத்தது. வாப்பா ஆண்டுதோறும் துடைத்திருக்க வேண்டும். ஆனால் குழலின் உள்ளே துருவேறிப் புண்ணாகியிருந்தது. அக்காலத் தோட்டாவின் கேப்பில் இருந்த மருந்து, வெடித்தபின் உப்பை விட்டுச் செல்லும். அந்த உப்பு ஈரத்தை இழுத்து இரும்பைத் தின்னும். அதனால்தான் சுட்டு முடித்ததும் கொதிநீரைக் குழலில் ஊற்றிக் கழுவச் சொல்லிச் சிப்பாய்களுக்குக் கற்பித்தார்கள். இந்தக் குழல் சுடப்பட்டது, கழுவப்படவில்லை. சுட்டவர் வாப்பாவா, அதற்குமுன் அதை ஏந்திய எவரோ ஒருவரா என்பதை இரும்பு சொல்லாது. பரணின் ஈரமும் துருவுக்குக் காரணமாகலாம். ஆயினும் 'அரிசியும் பெட்ரோலும்' என்ற அவரது சொல் அன்றிரவு என்னைத் தூங்கவிடவில்லை.

மறுநாள் வழக்கறிஞரிடம் சென்றோம். பொதியில் தோட்டா இல்லை, ஐந்து தோட்டா செருகும் வெற்றுக் கிளிப் ஒன்றே உண்டு என்றபோது அவர் சற்று நிம்மதியடைந்தார். ராணுவத் தோட்டாவை ஏற்கும் இத்துப்பாக்கி தடைசெய்யப்பட்ட துளையளவு. நம் நாட்டில் பொதுமக்களுக்கென்று .315 துளையளவில் வேறு துப்பாக்கி செய்து விற்பதே இதனால்தான். உரிமமுள்ள துப்பாக்கியாயினும், உரிமதாரர் இறந்தால் வாரிசுகள் அதைக் காவல் நிலையத்திலோ அனுமதி பெற்ற வணிகரிடமோ ஒப்படைக்க வேண்டுமென்கிறது 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம். உரிமமே இல்லாமல் தடைசெய்யப்பட்ட ஆயுதத்தை வைத்திருந்தால், 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி ஏழு முதல் பதினான்கு ஆண்டு வரை சிறை. "இதற்குச் சந்தையில் விலை இல்லை, ஐயா, தண்டனைதான் உண்டு" என்று முடித்தார்.

தம்பிக்கு ஏமாற்றம். "ராஜாக்கள் வீட்டில் மட்டும் சுவரில் மாட்டியிருக்கிறார்களே, காக்கா" என்றான். அந்தத் துப்பாக்கிகளுக்கும் காகிதம் உண்டு என்றேன்.

அன்று மாலை எங்கள் பள்ளிவாசல் ஆலிமிடம் இதைச் சொன்னபோது, சட்டத்தைப் பற்றி அவர் பேசவில்லை. ஒரு கேள்வி மட்டுமே கேட்டார்: "அது உங்கள் வாப்பாவின் பொருள்தானா?"

நாங்கள் அதை நினைத்துப் பார்க்கவேயில்லை. இறந்தவருக்கு உடைமையானதே வாரிசுக்கு வரும். அவர் கையில் இருந்ததெல்லாம் அவருடையது ஆகிவிடாது. பிறர் பொருள் அமானிதம். அதை உரியவரிடம் சேர்ப்பது வாரிசுகளின் முதல் கடமை. பிறகு கடன், பிறகு மரண சாசனம், எல்லாம் தீர்ந்து எஞ்சியதில்தான் பங்கு. கிரீடமும் மூன்றெழுத்தும் பொறித்த பொருள் ஒரு லாரி ஓட்டுநரின் உடைமை அல்ல. அரசுக்குச் சொந்தமானது அது. அன்றைய அரசின் இடத்தில் இன்றைய அரசு இருக்கிறது. அதற்கு விலை மதிக்க நாங்கள் யார்?

வழக்கறிஞர் சொன்னபடி நாங்களே தூக்கிச் செல்லாமல், கண்டெடுத்த விவரத்தை எழுதிக் காவல் நிலையத்தில் கொடுத்தோம். அவர்கள் வந்து எண்களைக் குறித்துக்கொண்டு எடுத்துச் சென்றார்கள். விசாரணை சில நாள் நடந்தது. வந்த அதிகாரி இளைஞர். என் வாக்குமூலத்தில் "பர்மா" என்று எழுதும்போது நிறுத்தி, "என் தாத்தாவும் அங்கே போனவர்தான்" என்றார். பிறகு எழுதினார். கடைசியில் ஒரு ரசீது கிடைத்தது.

வாப்பா அதை எப்படிப் பெற்றார், ஏன் வைத்திருந்தார் என்பதற்கு விடை இல்லை. அவர் அதை விற்கவில்லை. காட்டிப் பெருமை கொள்ளவில்லை. தூக்கி எறியவும் இல்லை. கட்டையைத் துடைத்தார், குழலை விட்டுவிட்டார். ஐம்பதாண்டுகள் எங்கள் தலைக்கு மேலே ஒரு மனிதரின் மௌனம் படுத்திருந்தது. கீழே நாங்கள் விளையாடிக்கொண்டிருந்தோம். அல்லாஹ் அவருடைய பிழையைப் பொறுப்பானாக.

வீட்டுப் பத்திரத்தில் கையெழுத்திட அமர்ந்த அன்று தம்பிதான் முதலில் பேசினான். "காக்கா, பங்குக்கு முன்னால் கடன் என்றாரே ஆலிம். உம்மாவின் மருத்துவத்துக்கு ராத்தா வளையலை விற்றது கடன் இல்லையா? கூரையை மாற்றியது?"

ராத்தா வேண்டாமென்றார். நாங்கள் கேட்கவில்லை. பழைய மருந்துச் சீட்டுகளையும் கொத்தனாரின் கணக்கையும் தேடி எடுத்து, ரூபாய் காசு வரை கூட்டி, முதலில் அதைக் கழித்தோம். எஞ்சியதை ஐந்தாக வகுத்தோம்.

துப்பாக்கியின் ரசீது என்னிடம் இருக்கிறது. வாப்பாவின் பட்டாளத்துப் புகைப்படத்தின் பின்னால் அதை வைத்திருக்கிறேன்.