மீட்டுப் பார்த்தால்தான் காப்பு

இலுப்பூரில் இ-சேவை மையத்துக்குப் போய்ப் பட்டா நகல் கேட்பவருக்குத் தன் நிலத்தின் சர்வே எண்ணும் உட்பிரிவும் எந்த ஊர் சர்வரில் கிடக்கின்றன என்ற கவலை கிடையாது. தாள் அச்சாகிக் கைக்கு வந்தால் போதும். 1980-இல் கர்ணம் பதவி ஒழிக்கப்படும் வரை ஊர்க்கணக்கு ஓர் ஆளின் பொறுப்பில் இருந்தது. கணக்கைக் காணோம் என்றால் யாரைப் பிடித்துக் கேட்பது என்று ஊருக்குத் தெரியும். இன்று நிலக்கணக்கு, வில்லங்கச் சான்று, கூட்டுறவுச் சங்கத்தின் கடன் பேரேடு, மொத்தக் கடையின் டேலி கணக்கு எல்லாமே கணினிக்குள் போய்விட்டன. அழிந்துபோனால் என்ன செய்வது என்று கேட்டால், எங்கும் ஒரே பதில்தான்: “பேக்கப் இருக்கிறது.” அது பாதிப் பதில். எடுத்து வைத்ததாலேயே ஒன்று பேக்கப் ஆகிவிடாது. அதை வேறொரு கணினியில் இறக்கி, கோப்பைத் திறந்து, அந்தக் கோப்பு யாருக்கு வேண்டுமோ அவரே படித்துப் பார்த்த பிறகுதான் அந்தப் பெயருக்கு அது தகுதி பெறுகிறது. இதை மிகத் தெளிவாகக் கற்றுக்கொடுப்பது காந்த நாடா.

நாடாவா, அதெல்லாம் கேசட் காலத்தோடு போகவில்லையா, இப்போதுதான் கிளவுட் வந்துவிட்டதே என்று கேட்கலாம். 1952-இல் ஐபிஎம் தன் 726 நாடா இயந்திரத்தை வெளியிட்டது உண்மையிலேயே பழைய கதைதான். ஆனால் 2021-இல் வந்த எல்டிஓ-9 என்ற நாடா கார்ட்ரிட்ஜ், உள்ளங்கையில் அடங்கும் பெட்டிக்குள் 18 டெராபைட் கொள்கிறது. கிளவுட் என்று நாம் சொல்லும் இடத்திலும் நாடா ஓடுகிறது. 2011 பிப்ரவரி இறுதியில் ஜிமெயிலில் சேமிப்பு மென்பொருளின் புதிய பதிப்பில் இருந்த ஒரு பிழையால், பயனர்களில் சுமார் 0.02 சதவீதம் பேரின் அஞ்சல்பெட்டி காலியானது. கூகுள் ஒவ்வோர் அஞ்சலையும் பல தரவு மையங்களில் பிரதி எடுத்து வைத்திருந்தது. அந்தப் பிரதிகளையும் அதே பிழை அழித்தது. கடைசியில் கைகொடுத்தவை இணைப்பில் இல்லாத நாடாக்கள். ஒன்றோடொன்று இணைந்த பிரதிகள் எழுதுவதைப் போலவே அழிப்பதையும் உடனுக்குடன் பின்பற்றும். ரான்சம்வேர் நுழைந்தாலும் அதே கதிதான். டிரைவிலிருந்து கழற்றி அலமாரியில் வைத்த நாடாவை எந்தக் கட்டளையும் எட்டாது. அந்தச் சம்பவத்தில் கூகுள் தப்பியதற்கு நாடா இருந்தது மட்டும் காரணமல்ல, அதிலிருந்து திரும்ப எடுக்கும் வழி பழக்கத்தில் இருந்ததும் காரணம்.

பழக்கம் இல்லாத இடத்தில் என்ன ஆகும் என்பதை 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் என்ற மென்பொருள் நிறுவனத்தில் நடந்தது காட்டியது. ஓர் ஊழியர் தவறான சர்வரில் தரவுத்தள அடைவை அழித்துவிட்டார். பேக்கப் எடுக்கப் பல வழிகள் வைத்திருந்தார்கள். தேடிப் போனபோது, தினசரி நகல் போய்ச் சேர வேண்டிய இடம் காலியாக இருந்தது. நகலெடுக்கும் கருவியின் பதிப்பும் தரவுத்தளத்தின் பதிப்பும் பொருந்தாததால் அந்த வேலை பல நாளாகத் தோற்றுக்கொண்டே இருந்திருக்கிறது. தோல்வியைச் சொல்லும் மின்னஞ்சல்களும் யார் கண்ணிலும் படாமல் வழியிலேயே நிராகரிக்கப்பட்டிருந்தன. வேறொரு காரியத்துக்காக ஆறு மணி நேரத்துக்கு முன் தற்செயலாக எடுத்த நகல் ஒன்றுதான் மிஞ்சியது. நடந்ததை அந்த நிறுவனமே மறைக்காமல் எழுதி வெளியிட்டது. டிரைவ் எழுதும்போதே சரிபார்க்கிறதே, அது போதாதா என்று நாடாப் பக்கமிருந்து ஒரு மறுப்பு வரலாம். போதாது. எழுதச் சொன்னதை ஒழுங்காக எழுதினோமா என்பதைத்தான் டிரைவ் பார்க்கும். எழுதச் சொன்னது சரியான கோப்பா என்பது அதற்குத் தெரியாது. வெற்றுக் கோப்பைக் கொடுத்தாலும் பிழையின்றி எழுதி, பிழையின்றிச் சரிபார்த்து, வெற்றி என்று பதிவு செய்யும். அதோடு, பழைய டிடிஎஸ் வகை டிரைவ்களில் தலை கொஞ்சம் விலகியிருந்தால், தான் எழுதியதைத் தானே நன்றாகப் படிக்கும். அதே நாடாவை இன்னொரு டிரைவில் போட்டால் படிக்காது. அதனால்தான் வேறு இயந்திரத்தில் இறக்கிப் பார்க்கச் சொல்கிறார்கள்.

நாடா நன்றாக இருந்தும் படிக்கக் கருவி இல்லாமல் போவது அடுத்த இடர். எல்டிஓ நாடாவைச் சரியாகப் பாதுகாத்தால் முப்பது ஆண்டு தாங்கும் என்கிறார்கள் தயாரிப்பாளர்கள். ஆனால் 2000-இல் வந்த எல்டிஓ-1 நாடாவை மூன்றாம் தலைமுறை டிரைவ் வரைதான் படிக்க முடியும், நான்காவதில் முடியாது. எல்டிஓ-8 வந்தபோது இந்தச் சலுகை இன்னும் சுருங்கி, ஒரு தலைமுறைக்கு முந்தைய நாடாவோடு நின்றுவிட்டது. நாடாவின் ஆயுளை டிரைவின் ஆயுள்தான் தீர்மானிக்கிறது. 1966, 67-இல் நிலவைச் சுற்றிய லூனார் ஆர்பிட்டர் கலங்கள் அனுப்பிய படங்கள் நாடாவில் பத்திரமாக இருந்தன. அவற்றை ஓட்டக்கூடிய ஆம்பெக்ஸ் எஃப்ஆர்-900 இயந்திரங்கள் பயன்பாட்டிலிருந்து மறைந்துவிட்டன. நான்சி எவான்ஸ் என்ற நாசா ஊழியர் பிடிவாதமாகச் சில இயந்திரங்களைக் காப்பாற்றி வைத்திருந்ததால்தான், 2008-இல் ஒரு குழு அவற்றைப் பழுதுபார்த்து, நிலவின் விளிம்பில் பூமி தெரியும் படத்தை முன்பு கண்டிராத தெளிவில் மீட்டது. எடுத்துப் பார்க்காத நாடாவுக்கு இன்னொரு கதியும் உண்டு. அப்போலோ 11-இன் மூலத் தொலையளவு நாடாக்களைத் தேடிப் போனவர்கள், நாடாத் தட்டுப்பாடு வந்த காலத்தில் அவை அழிக்கப்பட்டு மறுபடி பயன்படுத்தப்பட்டிருக்கும் என்ற முடிவுக்கே வந்தார்கள்.

கல்லில் வெட்டியிருந்தால் இத்தனை தொல்லை உண்டா என்று நம் பக்கத்துக்காரர் கேட்பது இயல்பு. இலுப்பூருக்குப் பக்கத்திலுள்ள குடுமியான்மலையே அதற்குப் பதில் சொல்கிறது. அங்குள்ள இசைக் கல்வெட்டு ஏழாம் நூற்றாண்டைச் சேர்ந்த கிரந்த எழுத்தில், ஏழு பண்முறைகளின் சுரக்கோவைகளைத் தாங்கி நிற்கிறது. எழுத்தைப் படித்துவிட்டார்கள். ஆனால் ஒரே சுரம் அ, இ, உ, எ என்ற நான்கு உயிர்களோடு மாறி மாறி ஏன் வருகிறது என்பதில் அறிஞர்களுக்குள் இன்றும் கருத்து வேறுபாடு இருக்கிறது. பதிவு முழுமையாக நிற்க, அதைப் பாடிக் காட்டும் முறை கைமாறாமல் போனது. நம் அலுவலகக் கோப்புகளுக்கும் இந்த விதி நெருக்கத்தில்தான் இருக்கிறது. 1999-இல் தமிழக அரசு டாம், டாப் என்ற குறியாக்கங்களை ஏற்றது. 2010-இல் யூனிகோடுக்கும் டேஸ்-16க்கும் மாறியது. இடையில் தட்டச்சான கோப்புகள் எத்தனையோ வகை எழுத்துருக்களில் கிடக்கின்றன. அப்படி ஒரு கோப்பை நாடாவிலிருந்து ஒரு பைட் குறையாமல் மீட்டாலும், உரிய எழுத்துரு இல்லையென்றால் திரையில் தெரிவது பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியல். மறைகுறியாக்கப் பூட்டுப் போட்ட நாடாவுக்குச் சாவி தொலைந்தாலும் இதே நிலைதான்.

சிறிய அலுவலகத்துக்கு ஆளும் நேரமும் எங்கே இருக்கின்றன என்ற மறுப்புதான் இவற்றில் கனமானது. உண்மையில் முழுவதையும் மாதாமாதம் மீட்க யாராலும் முடியாது, தேவையும் இல்லை. மாதம் ஒருமுறை நாலைந்து கோப்புகளைக் குருட்டாம்போக்கில் தேர்ந்தெடுத்து இறக்கலாம். ஆண்டுக்கு ஒருமுறை முழுவதையும் காலிக் கணினியில் இறக்கலாம். பழைய நகலை நடப்புக் கணக்கின் மேலேயே இறக்கினால் சோதனையே சேதமாகிவிடும் என்பதால், எப்போதும் வேறு கணினியில்தான் இறக்க வேண்டும். எந்த நாடாவில் என்ன இருக்கிறது என்ற பட்டியல் நாடாவோடு சேர்ந்து அழியாத இடத்தில் இருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் ஒரு கோப்புக்காகக் கிலோமீட்டர் கணக்கில் நாடாவை ஓட்ட வேண்டிவரும். டிரைவ் தலைமுறை மாறும்போது, பழையதைத் தூக்கிப் போடும் முன் உள்ளிருப்பதைப் புதியதற்கு மாற்றிவிட வேண்டும். நாடாவே இல்லாமல் ஒரு வெளி ஹார்டு டிஸ்க்கில் டேலி கணக்கை நகலெடுக்கும் கடைக்கும் இதே முறை பொருந்தும், அங்கே அரை மணி நேரத்தில் வேலை முடியும்.

இதில் ஒரே ஒரு பொறுப்பை மட்டும் பேக்கப் எடுப்பவரிடம் கொடுக்கக் கூடாது. மீட்டது சரியா என்று தீர்ப்புச் சொல்வது அவர் வேலை அல்ல. கருவி வெற்றி என்று காட்டுவதை அவர் நம்புவார். நம்பித்தான் ஆக வேண்டும். சங்கத்தின் கணக்கர், வட்ட அலுவலகத்தில் பேரேடு பார்ப்பவர், கடைக்காரர் இவர்களில் யாருக்குக் கோப்பு வேண்டுமோ அவர் அதைத் திறந்து, தேதியும் தொகையும் பெயரும் ஒத்துப்போவதைப் பார்த்துக் கையெழுத்திட வேண்டும். பேக்கப் எடுத்த தேதியை மட்டும் குறிக்கும் பதிவேட்டில் மீட்டுப் பார்த்த தேதிக்கும், பார்த்தவர் கையெழுத்துக்கும் இரண்டு கட்டம் கூடுதலாகப் போட்டால் போதும். அந்தக் கட்டங்கள் காலியாகக் கிடக்கும் அலுவலகத்தில் பேக்கப் இருக்கிறது என்பது வெறும் நம்பிக்கை.