முள்ளும் ஊசியும்

ஆறாண்டுகளாக நாம் மறையுரையை அமர்ந்தவாறே ஆற்றி வருகிறோம். தொடக்கத்தில் இறைமக்கள் அதை ஏதோ புதிய வழிபாட்டு முறை என்று எண்ணினர். பின்னர்க் காரணம் அறிந்து வருந்தினர். இப்போது அவர்களுக்குப் பழகிவிட்டது. நமக்குத்தான் இன்னும் பழகவில்லை. மீன்சுருட்டியைச் சுற்றிலும் முந்திரித் தோப்புகள். அவற்றினூடே கிளைக் கிராமங்களுக்குச் செல்லும் பாதைகள் மணலும் மேடுபள்ளமுமானவை. இளமையின் துணிவில், பணிபுரிந்த பங்குகளிலெல்லாம் இத்தகைய பாதைகளில் இரு சக்கர வண்டியில் ஓடித் திரிந்ததன் கூலியோ, முன்னோர் விட்டுச் சென்ற சொத்தோ, முதுகெலும்பின் அடிப்பகுதியில் வட்டு ஒன்று பிதுங்கி நரம்பை அழுத்தத் தொடங்கியது. இடுப்பில் தோன்றும் வலி இடக்காலின் பின்புறமாக இறங்கிக் குதிகாலில் சென்று நிற்கும். நிற்கும் என்றால் ஓயும் என்று பொருளன்று, அங்கே குடியிருக்கும்.

மாத்திரை, ஒத்தடம், எண்ணெய்ப் பிழிச்சல், உடற்பயிற்சி எல்லாம் பார்த்தாயிற்று. அறுவைச் சிகிச்சை வேண்டும் என்றார் ஒரு மருத்துவர். வேண்டாம் என்றார் மற்றொருவர். மூன்று மாதங்களுக்கு மேல் நீடிக்கும் வலியை, அல்லது விட்டு விட்டு வந்துகொண்டே இருக்கும் வலியை, நாட்பட்ட வலி என்று மருத்துவ உலகம் அழைக்கிறது. உலக நலவாழ்வு நிறுவனம் 2019-இல் ஏற்று, 2022 சனவரி முதல் நடைமுறைப்படுத்திய நோய்ப் பகுப்புப் பட்டியலில் அதற்குத் தனி இடமே தரப்பட்டிருக்கிறது. காயம் ஆறிய பிறகும் சிலருக்கு நரம்புகள் அபாயச் செய்தியை அனுப்பிக்கொண்டே இருக்குமாம். தீ அணைந்துவிட்டது; கோவில் மணியை அடிப்பவர் மட்டும் நிறுத்தவில்லை என்று வைத்துக்கொள்ளலாம்.

இங்கே ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1984 பிப்ரவரி 11 அன்று, மனிதத் துன்பத்தின் மீட்பளிக்கும் பொருள் பற்றித் திருத்தூது மடல் ஒன்றை வெளியிட்டார். குருமடத்தில் நாம் அதை ஆய்ந்து கட்டுரை எழுதினோம், பேராசிரியர் பாராட்டினார். அந்தப் பாராட்டு பல ஆண்டுகள் நம் தலைக்குள் இருந்தது. துன்புறுவோர் வந்தால் அம் மடலின் சாரத்தை இரண்டு வாக்கியங்களில் பிழிந்து கொடுத்து அனுப்புவோம். நமக்கு வலி வந்த பிறகு அதை மீண்டும் எடுத்துப் படித்தோம். அதன் இறுதிப் பகுதியில் நல்ல சமாரியர் வருகிறார். தேர்வுக்காகப் படித்த நாளில் அந்தப் பக்கங்களைக் கடகடவென்று புரட்டிக் கடந்திருந்தோம் என்பது நினைவுக்கு வந்தது.

இப்படி நாம் இரண்டு வாக்கியங்களில் அனுப்பி வைத்தவர்களுள் ஒரு மூதாட்டியும் உண்டு. பெயரைச் சொன்னால் கோபித்துக்கொள்வார், சொல்லப்போவதில்லை. வாழ்நாளெல்லாம் முந்திரிக்கொட்டை உடைத்தவர். அக் கொட்டையின் ஓட்டிலுள்ள எண்ணெய் பட்டால் தோல் வெந்துவிடும். சாம்பலைப் பூசிக்கொண்டுதான் உடைப்பார்கள். அந்தக் கைகளில் பின்னர் முடக்குவாதமும் வந்து சேர்ந்தது. விரல்கள் கோணிப்போயின. ஒரு நாள் திருப்பலி முடிந்ததும் வந்து, “ராத்திரி முழுக்கத் தூக்கமில்ல சாமி” என்றார். “ஆண்டவருக்கு ஒப்புக்கொடுங்கள் அம்மா” என்றோம். அடுத்த கிராமத்துத் திருப்பலிக்கு நேரமாகிவிட்டிருந்தது. வண்டியை உதைத்துக் கிளப்பிக்கொண்டே சொன்னோம் என்பதுதான் இன்று உறுத்துகிறது. சொன்னது தவறான போதனையன்று. ஆனால் அதைச் சொல்ல நாம் ஒரு நிமிடம்கூட அமரவில்லை.

நாம் படுக்கையில் விழுந்த செய்தி கேட்டு அதே மூதாட்டி பங்கு இல்லத்துக்கு வந்தார். கையில் ஒரு மடித்த விரிப்பு.

“சாமிக்கு இடுப்பு வலின்னாங்க. கட்டில்ல இத விரிச்சிப் படுங்க. அஞ்சு சேல இருக்கு இதுல. ஒண்ணு எங்கம்மா கட்டுனது.”

பழைய நூற்சேலைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, நூலை ஏற்றி இறக்கி நெருக்கமாக ஓட்டித் தைத்த விரிப்பு அது. நம் ஊர்களில் பிள்ளை பெற்ற வீட்டில் குழந்தைக்கு இப்படித் தைப்பார்கள். கிழிந்த இடங்களில் வேறு துணி வைத்து ஒட்டுப் போட்டிருந்தது. இதே கலையை வங்காளத்துப் பெண்கள் பெரிதாக வளர்த்திருக்கிறார்கள். பழஞ்சேலையின் கரையிலிருந்து உருவிய வண்ண நூலாலேயே மீனும் தாமரையும் தைப்பார்கள். அதற்குக் காந்தா என்று பெயர். நம் ‘கந்தை’க்கு அது நெருங்கிய உறவுச் சொல். பெயரில் ஏழ்மையை வைத்துக்கொண்டு வேலையில் அரசியாக இருக்கிறது.

அன்று நாம் கேட்ட கேள்வி ஒன்றுதான்: “இந்தக் கையை வைத்துக்கொண்டு எப்படியம்மா தைத்தீர்கள்? வலிக்கவில்லையா?”

“வலிக்கத்தான் செய்யுது சாமி. சும்மா இருந்தாலும் வலிக்குது. தச்சிக்கிட்டே வலிச்சா ஒரு போர்வையாவது மிஞ்சுமில்ல.”

குருமடத்து ஆண்டுகளில் இவ்வளவு சுருக்கமான விளக்கத்தை நாம் கேட்டதில்லை. எனக்கும் கற்றுக்கொடுங்கள் என்றோம். அவர் முதலில் சிரித்தார். பிறகு நாம் விளையாடவில்லை என்று கண்டு, ஊசி கொண்டு வந்தார்.

தொடக்க நாள்கள் வெட்கத்தில் கழிந்தன. பங்குத்தந்தை கட்டிலில் சாய்ந்துகொண்டு கந்தல் தைக்கிறார் என்பது வெளியே தெரிந்தால் என்னாவது? நம் உபதேசியார் ஒரு முறை எட்டிப் பார்த்துவிட்டு, நம் மானத்தைக் காக்கும் பொறுப்பைத் தாமே ஏற்றுக்கொண்டு கதவைச் சாத்திவிட்டுப் போனார். தையற்கடையில் ஆண் தைத்தால் தொழில். வீட்டில் தைத்தால் மட்டும் கேலி. இந்த வேறுபாட்டின் காரணம் நமக்கு இன்னும் விளங்கவில்லை. முதல் உலகப் போரில் காயமுற்ற வீரர்களுக்கு இங்கிலாந்து மருத்துவமனைகளில் பூத்தையல் கற்றுக்கொடுத்தார்கள். இலண்டன் புனித பவுல் பேராலயத்தின் பீட முகப்புத் துணியை அவ்வாறு ஊசி பிடிக்கக் கற்ற வீரர்கள் பலர் பகுதி பகுதியாகத் தைத்தனர். 1919 சூலையில் அங்கு நடந்த நன்றி வழிபாட்டில் அது பயன்பட்டது. துப்பாக்கி பிடித்த கை ஊசி பிடிக்கலாம் என்றால், திருக்கிண்ணம் பிடித்த கைக்கு என்ன குறை?

அது மட்டுமா? ஊசி வேலைக்கும் திருப்பீடத்துக்கும் நம் நாட்டிலும் நெருங்கிய தொடர்பு உண்டு. குமரி மாவட்டத்து முளகுமூட்டுக்கு 1897-இல் வந்த பெல்சிய நாட்டு அன்னை மரிய லூயிஸ் தெ மெஸ்தரும் அவர் வழிவந்த அருட்சகோதரிகளும் ஆதரவற்ற பெண்பிள்ளைகளுக்கு ரேந்தைப் பின்னலும் பூவேலையும் கற்றுக்கொடுத்தார்கள். ரேந்தை என்ற சொல்லே போர்த்துக்கீசியர் விட்டுச் சென்றது. எத்தனையோ குருக்களின் வெள்ளங்கி விளிம்பில் இத்தகைய கைவேலை இருக்கிறது. அதை உடுத்தி நின்றபோது, தைத்தவரின் கை வலித்ததா என்று நாம் ஒருநாளும் எண்ணியதில்லை.

தைப்பதால் வலி போய்விட்டதா என்று வாசகர்கள் கேட்கலாம். போகவில்லை. அப்படிப் போய்விடும் என்று யாராவது சொன்னால் நம்பவும் வேண்டாம். 1965-இல் மெல்சாக் என்ற கனடா நாட்டு உளவியலாரும் வால் என்ற ஆங்கிலேய அறிஞரும், தண்டுவடத்தில் வலிக்கு ஒரு வாயிற்கதவு இருப்பது போலக் கருதலாம் என்றனர். மூளையின் கவனமும் மனநிலையும், தொடுகை போன்ற பிற உணர்வுகளும் அக் கதவைச் சற்றே சாத்தவோ திறக்கவோ கூடுமாம். அடிபட்ட இடத்தை நம்மையறியாமல் தேய்த்துவிடுகிறோமே, அதன் காரணமும் இதுதான். பிற்கால ஆய்வுகள் இக் கருத்தைப் பலவாறு திருத்தியுள்ளன என்றாலும், வலி உடலிலிருந்து மூளைக்குச் செல்லும் வெறும் தந்திக்கம்பிச் செய்தியன்று என்ற அடிப்படை நிலைத்துவிட்டது. 2013-இல் வெளிவந்த ஆங்கில ஆய்வொன்றில் கம்பளிப் பின்னல் செய்வோர் 3,545 பேர் விடையளித்திருந்தனர். அடிக்கடி பின்னுவோர் மன அமைதி மிகுந்திருப்பதாகக் கூறினர். பின்னலை விரும்புகிறவர்களிடமே கேட்டால் வேறென்ன சொல்வார்கள் என்ற ஐயம் நமக்கு உண்டு. ஆயினும் நம் அனுபவத்தில் ஒன்றைச் சொல்லலாம். ஊசி ஏறி இறங்கும் அந்த நேரத்தில் வலி அறைக்குள்ளேதான் இருக்கிறது. ஆனால் நம் மடியில் இல்லை, மூலையில் உட்கார்ந்திருக்கிறது.

இதிலும் அளவு வேண்டும் என்பதைத் துன்பப்பட்டே கற்றோம். முதல் வாரத்தில் ஆர்வக் கோளாறால் இரண்டு மணி நேரம் குனிந்து தைத்துவிட்டு, மறுநாள் எழ முடியாமல் கிடந்தோம். இப்போது இருபது நிமிடங்களுக்கு மேல் தொடர்வதில்லை. முதுகுக்கு ஒரு தலையணை. துணியைக் கண்ணுக்கு அருகே உயர்த்திக் கொள்ள மடியில் ஒன்று. கடிகாரம் அடித்ததும் எழுந்து கோவிலை ஒரு சுற்றுச் சுற்றி வருவது. மற்றொரு சிக்கல், ஊசியில் நூல் கோப்பது. நமக்குக் கண் தெரியவில்லை. மூதாட்டிக்கு விரல் மடங்கவில்லை. ஞாயிறு மறைக்கல்வி முடிந்ததும் சிறுவர்கள் இருபது ஊசிகளில் நூல் கோத்து, பஞ்சடைத்த துணிப் பந்தில் குத்தி வைத்துவிட்டுப் போகிறார்கள். வாரம் முழுவதற்கும் இருவருக்கும் அது போதும். பாதி அவருக்கு, பாதி நமக்கு.

இப்படித் தைத்துக்கொண்டிருந்த ஒரு பிற்பகலில்தான் திருத்தூதர் பவுலை நினைத்தோம். கொரிந்து நகரில் அவர் அக்கிலா, பிரிஸ்கில்லா வீட்டில் தங்கிக் கூடாரத் தொழில் செய்தவர் என்று திருத்தூதர் பணிகள் நூல் கூறுகிறது. தம் உடலில் முள் ஒன்று இருப்பதாகவும், அதை நீக்கும்படி மும்முறை வேண்டியும் அது நீங்கவில்லை என்றும் அவர் மனம் திறந்து எழுதியதும் அதே கொரிந்தியருக்குத்தான். அந்த முள் கண் நோயா, காய்ச்சலா, எதிரிகளா என்று அறிஞர்கள் இன்றும் வழக்காடுகிறார்கள். நாமும் குருமடத்தில் வழக்காடியவர்களே. ஆனால் முள்ளோடு இருந்த அதே மனிதர் கூடாரத் துணியையும் தைத்தவர் என்பதை நாம் ஒருபோதும் சேர்த்துப் பார்த்ததில்லை. தமிழில் முள்ளும் தைக்கும், ஊசியும் தைக்கும். ஒன்று நமக்குள் தைப்பது. மற்றொன்று நாம் தைப்பது. கிரேக்கத்தில் எழுதிய பவுலுக்கு இந்த ஒரு சொல் வாய்க்கவில்லை.

இது சொல் விளையாட்டு என்று சிலருக்குத் தோன்றலாம். நமக்கு அது அவ்வளவில் நிற்கவில்லை. ஆறாண்டுகளாக வலி நம்மிடம் ஏதோ செய்துகொண்டே இருந்தது. நாம் அதன் கீழ்க் கிடந்தோம். எரிச்சலில் பலிப்பீடச் சிறுவர்களைக் கடிந்திருக்கிறோம். பாவசங்கீர்த்தனத்தில் எதிரே இருப்பவர் சுருக்கமாக முடிக்கமாட்டாரா என்று ஏங்கியிருக்கிறோம். ஊசி கைக்கு வந்த பிறகு நாமும் ஏதோ செய்கிறோம் என்றாயிற்று. நோயாளிகளைச் சந்திக்கப் போனால் தைப்பையும் கூடவே வருகிறது. ஆறுதல் சொல்ல அவசரப்படுவதில்லை. அவர் பேசுகிறார், நாம் தைக்கிறோம். பேசாமல் இருந்தாலும் தைக்கிறோம். இருபது நிமிடங்கள் எங்கே போயின என்று தெரிவதில்லை.

இப்போது கையிலிருப்பது நாமே தொடங்கிய முதல் விரிப்பு. நம் அன்னையாரின் சேலைகள் இரண்டு, விளிம்பு நைந்த பழைய வெள்ளங்கி ஒன்று, மூதாட்டி தந்த ஊதா நிறத் துண்டுகள். சென்ற சனிக்கிழமை அவர் வந்து அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் நாம் தைத்த நான்கு வரிசைகளை இழுத்துப் பிரித்தார்.

“கோணிப்போச்சி. மறுபடி போடுங்க சாமி.”

நாம் புதிய ஊசியை எடுத்தோம். தையலைத் தொடங்குமுன், பல ஆண்டுகளுக்கு முன் கேட்டிருக்க வேண்டியதைக் கேட்டோம்: “ராத்திரி தூங்கினீர்களா அம்மா?”

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, முந்தைய இரவைப் பற்றி முதலிலிருந்து சொல்லத் தொடங்கினார்.