பரளச்சிப் பக்கம்: ஊருணியை எவ்வளவு ஆழம் தோண்டலாம்?

அருப்புக்கோட்டையைத் தாண்டிப் பரளச்சிக்குப் போகும் வழியெல்லாம் கரிசல். புரட்டாசிக் கடைசி. உழுது போட்ட காடுகள் மழைக்குக் காத்துக் கிடந்தன. உழாத இடத்தைச் சீமைக்கருவேலம் எடுத்துக்கொண்டது. பருத்தி, உளுந்து, மல்லி எல்லாம் ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பித்தான். குடிதண்ணீரும் ஒருகாலத்தில் அப்படித்தான் இருந்தது.

இந்தத் திருச்சுழி வட்டாரத்தில் பல ஊர்களில் போர் போட்டால் உப்புத் தண்ணீர்தான். பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது. கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது. வேறு வழியில்லாத இடத்தில் 2,000 வரை பொறுக்கலாம் என்கிறது இந்தியத் தர அளவு. குழாயில் வராத நாளில் குடம் குடமாக விலைக்கு வாங்க வேண்டியதுதான். கூலிக் குடும்பத்துக்கு அது சின்னச் செலவா?

முன்னோர் கண்ட வழி ஊருணி. அடியில் இருக்கும் களிமண் மழைநீரைக் கீழே இறங்க விடாது. கீழே கிடக்கும் உப்பையும் மேலே வர விடாது. ஊருணிக்கு அந்தக் களிதான் பாத்திரம்.

ஆழப்படுத்தினால் கூடுதல் தண்ணீர் நிற்கும் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். பாத்திரத்தில் ஓட்டை போட்டால் எப்படி நிற்கும்? காட்டுக்குக் கரம்பை அடிக்க ஜேசிபியை இறக்கும்போதுதான் தவறு நடக்கிறது. கரம்பை நல்ல உரம், மறுக்கவில்லை. ஆனால் படிந்த வண்டலோடு நிறுத்த வேண்டும். முதலில் ஒரு ஓரத்தில் மண்வெட்டியால் சோதனைக் குழி வெட்டி, களி எவ்வளவு ஆழம் என்று பாருங்கள். களி முடிந்து மணலோ சுக்கானோ தென்பட்டால், அதுவரை தோண்டவே கூடாது. குழியையும் களியால் திமிசு போட்டு மூடிவிடுங்கள்.

அடுத்த கேள்வி, அப்படியே குடிக்கலாமா? கூடாது. தேத்தாங்கொட்டை உரசினால் கலங்கல் தெளியும், கிருமி சாகாது. ஆடுமாடும் துவைக்கிற கல்லும் உள்ளே வராதபடி வேலி போட்டு, கரையோரம் மணல் வடிகட்டியும் உறைகிணறும் அமைத்து, அதிலிருந்து இறைப்பதே நல்லது. தொட்டியில் ஏற்றினால் 1,000 லிட்டருக்கு 4 கிராம் பிளீச்சிங் பவுடர். கடைசிக் குழாயிலும் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரின் மிஞ்ச வேண்டும். இல்லாவிட்டால் கொதிக்க வைத்துக் குடியுங்கள்.

வரத்துக்காலில் முள் வெட்ட இன்னும் இரண்டு வாரம்தான் இருக்கிறது. முதல் மழைத் தண்ணீர் ஊரைக் கழுவிக்கொண்டு வரும். அதை வெளியே திருப்பிவிட்டு, அடுத்த மழையை உள்ளே விடுங்கள்.