பேபி விளக்கு

சினிமா விளக்கைக் கொண்டே இன்றும் முகப்படம் எடுத்துவரும் பழைய போட்டோ ஸ்டூடியோ ஒன்று கும்பகோணத்தில் இருப்பதாக நண்பர் ஒருவர் எழுதியிருந்த கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு, மகாமகக் குளத்தை அடுத்த சந்து ஒன்றில் அந்த மாடிப்படியை ஏறியபோது பிற்பகல் மூன்று மணி இருக்கும். ஸ்டூடியோக்காரருக்கு வயது எழுபத்தைந்தைத் தாண்டிவிட்டது. அன்று படம் எடுத்துக்கொள்ள வந்திருந்தவர் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர், சோடாபுட்டிக் கண்ணாடிக்காரர், நாற்காலியில் அமர்ந்ததுமே தோள்களை விறைத்து மூச்சைப் பிடித்துக்கொண்டுவிட்டார்.

காமிரா டிஜிட்டல் ஆகிவிட்டது, விளக்கு மாறவில்லை. கோடம்பாக்கத்தில் மூடப்பட்ட படப்பிடிப்பு நிலையம் ஒன்றிலிருந்து விலைக்கு வாங்கிய ஆயிரம் வாட் விளக்கு அது. சினிமாக்காரர்கள் ‘பேபி’ என்பார்கள். அதன் முகப்பில் வட்ட வட்டமாகப் படி வெட்டியிருக்கும் கண்ணாடி, பிரெனல் என்ற பிரெஞ்சு விஞ்ஞானி கலங்கரை விளக்கத்துக்காக உருவாக்கிய வில்லை. 1823இல் கொர்துவான் கலங்கரை விளக்கத்தில் கப்பல்களுக்கு வழிகாட்டிய அதே தத்துவம், கும்பகோணத்து மாடியறையில் ஒரு வாத்தியாரின் கன்னத்தைத் தேடிக்கொண்டிருந்ததை எண்ணி எனக்கு உண்டான பரவசம் கொஞ்சமன்று. உள்ளேயிருக்கும் பல்பை வில்லையின் பக்கம் நகர்த்தினால் வெளிச்சம் விரிகிறது. பின்னுக்கு இழுத்தால் குவிகிறது.

பெரியவர் விளக்கை ஆசிரியரின் இடப்பக்கத்தில் உயர்த்தி வைத்து, மூக்கின் நிழல் சாய்ந்து இறங்கி வலக்கன்னத்து நிழலோடு கலந்து, கண்ணுக்குக் கீழே சிறு முக்கோணமாக மாத்திரம் ஒளி தங்கும்வரை அங்குலம் அங்குலமாக நகர்த்தினார். ஓவியர் ரெம்பிராண்டின் பெயரால் வழங்கும் இம்முறை அவருக்கு வெறும் ‘முக்கோணம்’. நிழல் கறுத்துப் போகாதிருக்க மறுபக்கம் வெள்ளை வேட்டியைக் கொடியில் தொங்கவிட்டார். 1956இல் வந்த ‘அபராஜிதோ’ படத்தில் காசி வீட்டு முற்றத்தின் வெளிச்சத்தை அரங்கத்துக்குள் வரவழைக்க ஒளிப்பதிவாளர் சுப்ரதா மித்ரா மேலே கட்டியதும் வெள்ளைத் துணிதான்.

ஆசிரியரின் கண்ணாடியில் விளக்கு பளிச்சிட்டது. கழற்றச் சொல்வார் என்று நினைத்தேன். காதின் மேல் கம்பிகளை நூலளவு தூக்கிவிட்டார். கண்ணாடி கீழ்நோக்கிச் சாய்ந்தது. பளபளப்பு விலகி, கருவிழியில் ஒரே ஒரு புள்ளி வெளிச்சம் நின்றது.

“இதுதான் தம்பி உசிரு. இது விழலேன்னா படம் செத்துப்போச்சு” என்றார்.

பிறகு ஆசிரியரிடம், “உடம்பு சுவர்ப் பக்கம் இருக்கட்டும் சார், முகம் மட்டும் இங்கே. மோவாயை முன்னே கொண்டுவந்து கொஞ்சம் இறக்குங்க” என்றார். விறைப்பு இளகவில்லை. காமிராவுக்குச் சற்றுத் தள்ளி ஒரு விரலை உயர்த்தி, “கடைசி பெஞ்சுல பேசறவன் இவன்தான், பாருங்க சார்” என்றார். நாற்பது வருஷத்து வாத்தியார்த்தனம் முழுவதும் அந்த விநாடியில் அம்முகத்தில் எழுந்தது, விசை அழுந்தியது.

இந்தக் கைத்தேர்ச்சிக்கு உரியவர் முகூர்த்த நாட்களில் கல்யாண காண்ட்ராக்டர் ஒருவரிடம் நாள்கூலிக்குப் போகிறார். பெண்வீட்டாரிடம் ஆல்பத்துக்கென்று லட்சக்கணக்கில் வாங்கிக்கொண்டு, மணப்பெண்ணின் முகத்துக்கு ஒளி அமைத்தவருக்குக் கூலியை மூன்று மாதம் இழுத்தடித்து, அட்டையில் தம் பெயரை மாத்திரம் பொறித்துக்கொள்ளும் இடைத்தரகரின் செய்கை பட்டப்பகல் அநியாயம். கல்யாணம் செய்யும் பெற்றோர், படமெடுத்தவர் யார் என்று கேட்டு, பணத்தை அவர் கையிலேயே கொடுக்க வேண்டும்.

அந்த விளக்குக்குப் பொருந்தும் பழைய பல்புகள் அவரிடம் இரண்டே இருக்கின்றன. பழைய ஸ்டூடியோச் சாமான்களில் அத்தகைய பல்பு கண்ணில் பட்டால், அன்பர்கள் அதைக் காயலான் கடைக்குப் போட்டுவிடாமல் எனக்கு ஒரு வரி எழுத வேண்டுகிறேன்.